சிரிக்கவைத்த சிப்பாய்

எங்கள் தாத்தா ஒரு போர்வீரர் என்று சொன்னால் காஜாங்கில் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். காற்று பலமாக வீசினால் பறந்துவிடுவாரோ என்று அஞ்சவைக்கும் மெலிந்த உடல். தோளில் ஒரு துண்டு, சட்டைப்பையில் ஒரு வெற்றிலைப் பொட்டலம், வாயில் எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு. “எதிரி ஏன் என்னைச் சுடவில்லை தெரியுமா? நேராக நின்றால்தான் நான் ஆள். பக்கவாட்டில் திரும்பிவிட்டால் வெறும் கோடு. கோட்டைப் பார்த்து யார் குறி வைப்பார்கள்?” என்பார். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில், அவர் உண்மையிலேயே போர்முனைக்குப் போய்வந்தவர் என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

தாத்தா 1925-ஆம் ஆண்டில் காஜாங்கை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில், லயத்து வீடொன்றில் பிறந்தார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். பத்து வயதில் தாயாரோடு மங்கு துடைக்கப் போனார். பதினான்கு வயதில் உளி பிடித்து மரம் வெட்டினார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அண்ணன்தான் தம்பிக்கு உளி தீட்டக் கற்றுக்கொடுத்தவர். பால் வாளி கனத்தால் காண்டாவைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டவர். நாங்கள் அவரைப் ‘பெரிய தாத்தா’ என்போம். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. ஒரு மாதத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், 1942 ஜனவரி 11-ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது. கித்தாப் பாலை வாங்கிக் கப்பலேற்றுவார் இல்லை. தோட்டத்தில் வேலை நின்றது. அரிசி அருகியது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. “கிழங்கை அவித்துத் தின்றோம், சுட்டுத் தின்றோம், மாவாக்கித் தின்றோம். கடைசியில், கிழங்கு எங்களைப் பார்த்தாலே மண்ணுக்குள் ஒளிந்துகொண்டது” என்று தாத்தா சொல்வார். ஜப்பானியர் அச்சிட்ட நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால், மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். “வாழைமரம் கைநிறைய இருந்தது, ஒரு வாழைப்பழம் வாங்கத்தான் வழியில்லை” என்பது அவர் அதைப் பற்றிச் சொன்ன வேடிக்கை.

1943-ஆம் ஆண்டின் முற்பாதியில், சயாமில் இரயில் பாதை போட ஆள் வேண்டும் என்ற அறிவிப்பு தோட்டங்களுக்கு வந்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசிச் சோறு என்று ஆசை காட்டினார்கள். போக மறுத்தவர்களைப் பல இடங்களில் வற்புறுத்தி லாரியில் ஏற்றினார்கள். பெரிய தாத்தாவும் அப்படித்தான் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் இந்தச் செய்தியைப் பாட்டிதான் சொல்வார். தாத்தா இதை எங்களிடம் சொன்னதில்லை. கதைகளில் அந்த இடம் வரும்போது எழுந்து, வெற்றிலை துப்ப வெளியே போய்விடுவார்.

அதே ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின் மலாயா எங்கும் பயணம் செய்தார். கோலாலம்பூரில், சிலாங்கூர்த் திடலில் அவர் பேசிய கூட்டத்திற்குத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு போனார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பின்னாளில் ஜான்சி இராணிப் படையில் சேர்ந்து புகழ்பெற்ற ஜானகி ஆதி நாகப்பன், இளம் பெண்ணாக இருந்தபோது தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தது அத்தகைய ஒரு கூட்டத்தில்தான்.

தாத்தா காஜாங்கிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் நடந்து அந்தக் கூட்டத்திற்குப் போனாராம். “நேதாஜி பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்தில் நின்றவர் கைதட்டினார், நானும் தட்டினேன். பிறகு தமிழில் சொன்னார்கள், ‘படைக்கு ஆள் வேண்டும்’ என்று. அதற்குள் நான் கைதட்டி ஒப்புக்கொண்டாயிற்று. தட்டின கையைத் திரும்ப வாங்க முடியுமா?” என்று அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

“உண்மையாகவே ஏன் தாத்தா படையில் சேர்ந்தீர்கள்?” என்று யாராவது விடாமல் கேட்டால், “சோற்றுக்குத்தான் கண்ணு. வீரத்துக்காகச் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். வீரம் பிறகுதான் கிடைத்தது, சீருடை கொடுத்தார்கள், அதன் சட்டைப்பையில் இருந்தது” என்பார்.

பயிற்சி முகாமில் கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில் இருந்தன. வலப்பக்கம் திரும்பு என்பதற்குத் ‘தாஹினே முட்’. இடப்பக்கம் திரும்பு என்பதற்குப் ‘பாயே முட்’. தோட்டத்திலிருந்து போன பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்டன. பாதிப் பேர் கிழக்கே திரும்ப, பாதிப் பேர் மேற்கே திரும்பி ஒருவர் மூக்கில் ஒருவர் இடித்துக்கொண்டார்களாம். தாத்தாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். “முதல் கட்டளையில் ‘தாய்’ காதில் விழுகிறது. தாய் நமக்குச் சோறு ஊட்டுவது எந்தக் கையால்? வலக்கையால். அப்படியானால் வலம். இரண்டாவது கட்டளையில் ‘பாய்’ காதில் விழுகிறது. காலையில் பாயைச் சுருட்டி எங்கே இடுக்குகிறோம்? இடது கக்கத்தில். அப்படியானால் இடம்.” மறுநாள் அணிவகுப்பில் ஒருவரும் தவறவில்லை. பயிற்சி கொடுத்த அதிகாரிக்கு வியப்பு. ஆனால், கட்டளை கொடுத்ததும் வரிசை முழுவதும் ‘தாய்க்குச் சோறு, பாய்க்குக் கக்கம்’ என்று முணுமுணுப்பது ஏன் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லையாம்.

பயிற்சிக்குப் பின் வரும் பயணத்தைத் தாத்தா ஒரே வரியில் முடித்துவிடுவார்: “அப்புறம் இரயிலேறிப் பர்மா போய்ச் சேர்ந்தோம்.” பர்மாவை அடைந்ததும் கதை மறுபடியும் விரியும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் எங்களைச் சாத்தே கடைக்கு அழைத்துப் போவார். காஜாங்கில் பிறந்தவர்களுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? நிலக்கடலைக் குழம்புக் கிண்ணம் ஐராவதி ஆறு. வெள்ளரித் துண்டுகள் ஆங்கிலேயரின் படகுகள். தின்று முடித்த குச்சிகள் கரையில் நிற்கும் எங்கள் தாத்தாவின் பிரிவு. 1945 பிப்ரவரியில் ஐராவதியைக் கடக்க வந்த பிரிட்டிஷ் படையை, குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையிலான நேரு படைப்பிரிவு நியாங்கு என்னும் ஊருக்கு அருகில் எதிர்கொண்டது. அந்தப் படைப்பிரிவில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். பீரங்கியும் விமானமும் ஒரு பக்கம். பசியும் மலேரியாவும் பிடித்த, போதிய ஆயுதமில்லாத வீரர்கள் மறுபக்கம்.

“நேதாஜி எங்களிடம் இரத்தம் கேட்டார். கொடுக்கத் தயாராகத்தான் போனோம். பர்மாக் கொசு முந்திக்கொண்டது” என்று சொல்லி, தாத்தா வெள்ளரிப் படகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். “ஒரு படகைக் கவிழ்த்துவிட்டேன், பார்த்தாயா?”

அந்தக் கதையின் முடிவு எப்போதும் ஒன்றுதான். படை பின்வாங்குகிறது. தாத்தாவுக்கு மலேரியாக் காய்ச்சல், நடக்க முடியவில்லை. கிள்ளானைச் சேர்ந்த ஒரு நண்பர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று இரவுகள் நடக்கிறார். “என்னை அரிசி மூட்டை என்று நினைத்துத்தான் தூக்கியிருக்கிறார். விடிந்த பிறகுதான் பார்த்தாராம், மூட்டை பேசுகிறது! கீழே போட மனம் வரவில்லை. பர்மாவில் யானைமேல் போனவர்கள் உண்டு. மாட்டு வண்டியில் போனவர்கள் உண்டு. கிள்ளான்காரர்மேல் போனவன் நான் ஒருவன்தான்” என்று முடிப்பார்.

போர் முடிந்தது. பிடிபட்ட இந்திய தேசிய இராணுவ வீரர்களை ஆங்கிலேயர் விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஆங்கிலேயருக்கு விசுவாசமானவர் என்று கருதப்பட்டவர் வெள்ளை. வற்புறுத்தலாலோ ஏமாந்தோ சேர்ந்தவர் சாம்பல். உறுதியோடு சேர்ந்தவர் கறுப்பு. “அதிகாரி என்னிடம், ‘நீ எந்த வகை?’ என்று கேட்டார். ‘ஐயா, முப்பது வருடமாக... இல்லை, இருபது வருடமாக வெயிலில் நிற்கிறேன். என்னைப் பார்த்தும் இந்தச் சந்தேகம் வரலாமா?’ என்றேன்.” இப்படிச் சொல்லிவிட்டுத் தம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

1946-இல் தாத்தா கப்பலில் மலாயா திரும்பினார். பெரிய தாத்தா திரும்பவில்லை. தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன பலரும் திரும்பவில்லை.

பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்த தோட்டத்தின் பெயர் பிராங் பெசார். மலாய்மொழியில் அதற்குப் ‘பெரும் போர்’ என்று பொருள். முதலாம் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. உலகின் பல நாடுகளில் நடப்பட்ட, ‘பி.பி.’ என்னும் எழுத்துகளைத் தாங்கிய கித்தா வகைகள் அங்கே உருவானவையே. தாத்தாவுக்கு அந்தப் பெயர் வற்றாத வேடிக்கை ஊற்று. “சண்டை வேண்டாம் சாமி என்று ஓடி வந்தேன். வேலை எங்கே கிடைத்தது? பெரும் போரில்! தோட்டத்தைத் தொடங்கியவரும் சிப்பாய்; மரம் வெட்டியவனும் சிப்பாய். அவருக்குத் தோட்டம், எனக்கு வாளி” என்பார். அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா நகரம் எழுந்தது. அமைச்சுக் கட்டடங்கள் நிற்கும் இடத்தைக் காட்டி, “இந்த இடத்தில் எத்தனை கொசுவை அடித்திருக்கிறேன் தெரியுமா? எனக்கு ஓர் அலுவலக அறையாவது கொடுத்திருக்கலாம்” என்று ஒருமுறை சொன்னார். பாடத்திட்ட வேலையாக இன்று நான் புத்ராஜெயா செல்லும்போதெல்லாம், அந்த அகன்ற சாலைகளுக்கு அடியில் ஒரு கித்தாக் காடு இருந்தது என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் இரவு, தாத்தா மறுபடியும் சிலாங்கூர்த் திடலுக்குப் போனார். இப்போது அதை டத்தாரான் மெர்டேக்கா என்கிறோம். நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. மலாயாக் கொடி ஏறியது. கூட்டம் ‘மெர்டேக்கா’ என்று முழங்கியது. “முதல் தடவை இந்தத் திடலில் கைதட்டிவிட்டுத்தான் பர்மா போனேன். அதனால் இரண்டாம் தடவை கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆனால், கொடி ஏறியபோது கை என் பேச்சைக் கேட்கவில்லை” என்று சொல்வார். இந்த ஒரு வேடிக்கையைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்கள் இலேசாகக் கலங்கும்.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குடும்பம் காஜாங் பட்டணத்திற்குக் குடிவந்தது. தாத்தா ஒரு கடை வரிசைக்கு இரவுக் காவலராகப் போனார். “அன்றைக்குத் துப்பாக்கி, இன்றைக்கு டார்ச் லைட். பதவி உயர்வுதான், துப்பாக்கியால் வெளிச்சம் கொடுக்க முடியாதே” என்றார். காலையில் வேலை முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் அவர் மேசையைச் சுற்றி வந்துவிடுவார்கள். அரைகுறை மலாயில் அவர் சொல்லும் கொசுக் கதைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

ஒரு நாள் அந்தக் கடையில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். கால் ஊனமுற்ற ஒருவர் இலாட்டரிச் சீட்டு விற்க வந்தார். ஓர் இளைஞர் அவர் நடையைக் கேலியாக நடித்துக் காட்ட, இரண்டொருவர் சிரித்தார்கள். தாத்தா கோபப்படவில்லை; எழுந்து நின்றார். “தம்பி, நடித்துக் காட்டுவதென்றால் என்னை நடித்துக் காட்டு. ஐராவதிக் கரையில் குண்டு விழுந்தபோது நான் ஓடினேனே, அந்த ஓட்டம்!” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்கள் மோத, மேசைகளைச் சுற்றி ஓடிக் காட்டினார். கடையே குலுங்கியது. சீட்டு விற்க வந்தவரும் வாய்விட்டுச் சிரித்தார். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். தாத்தா தம் நாற்காலிக்குத் திரும்பும்போது, சீட்டு விற்பவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆண்டுதோறும் ஜனவரி 23-ஆம் நாள், நேதாஜியின் பிறந்த நாளன்று, கிள்ளானிலிருந்து அந்த நண்பர் வருவார். நாங்கள் அவரைக் கிள்ளான் தாத்தா என்று அழைப்போம். ஆறடி உயரம், அகன்ற தோள்கள், அதிகம் பேசாதவர். வாசலில் இருவரும் நிமிர்ந்து நின்று, ‘ஜெய் ஹிந்த்’ என்று ஒருவருக்கொருவர் வணக்கம் வைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் தாத்தா மூட்டைக் கதையைச் சொல்வார். நாங்கள் சிரிப்போம். கிள்ளான் தாத்தா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டி, “போதும், நண்பர் பாவம். பர்மாவைவிட்டு இறங்கி வாங்க” என்று தாத்தாவைச் செல்லமாகக் கடிந்துகொள்வார்.

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இடையே ஆண்டுக்கொரு முறை வேறொரு பேச்சும் நடக்கும். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர்க்குப் படையல் போடும்போது, “உங்க அண்ணனுக்கும் ஓர் இலை போடட்டுமா?” என்று பாட்டி கேட்பார். “இறந்துவிட்டார் என்று யார் சொன்னது? செய்தி வந்ததா?” என்பார் தாத்தா. அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நான் ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டு, 1996 டிசம்பரில், எங்கள் குடும்பமும் உறவினர் சிலரும் தாய்லாந்துக்குச் சுற்றுலா சென்றோம். காஞ்சனபுரிக்குப் போக வேண்டும் என்று கேட்டவர் தாத்தா. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்குப் போடப்பட்ட பாதை காஞ்சனபுரி வழியாகத்தான் செல்கிறது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாடுகளின் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைவிடப் பல மடங்கு. 80,000 முதல் 90,000 வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களில் மலாயாவிலிருந்து போன தமிழர்கள் மிகப் பலர். கைதிகளுக்குப் படைப்பிரிவும் எண்ணும் இருந்தன, மருத்துவர்களும் இருந்தார்கள். இறந்தவர் பெயரை மறைவாகக் குறித்துவைத்தவர்களும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. காலரா பரவியபோது கூடாரம் கூடாரமாக மடிந்தார்கள்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெட்டிச் சீர்செய்த புல். வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. தாத்தாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்தார். “இருபத்திரண்டு என்று வயது போட்டிருந்தால் சொல்லு” என்று என்னிடம் கேட்டார். இருபத்திரண்டு வயதுக்காரர் பலர் இருந்தார்கள். நான் காட்டிய ஒவ்வொரு பலகையின் முன்னும் அவர் சற்று நேரம் நின்றார்.

பிறகு ஆற்றுப் பாலத்தருகே வந்தோம். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த உறவினர் ஒருவர், “பெரியப்பா, இந்த இடத்தைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்லுங்கள், கேட்போம்” என்றார்.

“இங்கே இல்லை, தம்பி” என்றார் தாத்தா.

குரலில் கடுமை இல்லை. ஆனால், எங்கள் கூட்டம் முழுவதும் அடங்கிவிட்டது. சற்று நேரம் கழித்து, ஆற்றைப் பார்த்தபடியே பேசினார். “படை சயாம் வழியாகத்தான் பர்மாவுக்குப் போகும் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் சேர்ந்தேன். வழியில் அண்ணனைப் பார்த்துவிடலாம் என்று. இந்தத் தண்டவாளத்தில்தான் எங்கள் இரயில் போனது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஓர் இடத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் அதே பெயர். நான்கு பேரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அதில் என் அண்ணன் இல்லை. ‘எங்களைக் கூட்டிப்போக வந்தாயா, தம்பி?’ என்று ஒருவர் கேட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ‘அப்புறம் இரயிலேறிப் பர்மா போய்ச் சேர்ந்தோம்’ என்ற ஒரு வரிக்குள் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எதை வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஊர் திரும்பும் வழியில், எல்லைச் சோதனையில் கடப்பிதழ்ப் படத்தையும் அவரையும் அதிகாரி மாறிமாறிப் பார்த்தபோது, “பக்கவாட்டில் நிற்கட்டுமா?” என்று கேட்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

அடுத்த தீபாவளிக்கு முதல் நாள், பாட்டி கேட்பதற்குமுன் தாத்தாவே தோட்டத்தில் ஓர் இலையைக் கூடுதலாக அறுத்துவந்து வைத்தார்.

தாத்தா 2004-இல், தமது 79-ஆம் வயதில் காலமானார். கடைசி நாள்களில் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் தாதியரைச் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தார். ஊசி போட வந்த தாதியிடம், “பர்மாக் கொசுவுக்கு நீ உறவா?” என்று கேட்டாராம்.

இறுதிச் சடங்குக்குக் கிள்ளான் தாத்தா வந்திருந்தார். அப்போது அவர் ஊன்றுகோலோடு நடந்தார். உடலருகே நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவன் உயிரோடு இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்” என்றார்.

“காய்ச்சல் வந்தது எனக்கு. தூக்கினவன் அவன்.”

எங்களுக்கு முதலில் புரியவில்லை. அந்த ஆறடி மனிதரை இந்த ஐந்தடி மனிதர் எப்படித் தூக்கியிருக்க முடியும்?

“என் கால் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பத்து அடி நடப்பான், உட்காருவான், மறுபடியும் தூக்குவான். மூன்று இரவு. ‘என்னை விட்டுவிட்டுப் போ’ என்று கெஞ்சினேன். ‘ஒரு ஆளை இங்கே விட்டுவிட்டுத்தான் வந்தேன். இன்னொரு ஆளை விடமாட்டேன்’ என்றான். ஊர் திரும்பியபின் எனக்கு வெட்கம். இவ்வளவு பெரிய உடம்பை ஒரு சின்னப் பையன் சுமந்தான் என்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்களே என்று வருந்தினேன். ‘கவலைப்படாதே, சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்’ என்று கதையை மாற்றிவிட்டான். கடைசிவரை மாற்றியே சொன்னான்.”

அந்தக் கூடத்தில் அழாதவர் யாரும் இல்லை. ஆண்டுதோறும் மூட்டைக் கதையைக் கேட்டுக் கிள்ளான் தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பது எங்களுக்கு அப்போது விளங்கியது.

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னவர் வள்ளுவர். ‘இடுக்கண் அழியாமை’ என்ற அதிகாரத்தை நாம் பள்ளியில் படிக்கிறோம். தாத்தா அதைப் படித்தவர் அல்லர். மூன்றாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்றவர். ஆனால், சிரிப்புக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதன்படி வாழ்ந்தார். தமக்கு நேர்ந்த பசி, நோய், தோல்வி, ஏழ்மை எல்லாவற்றையும் வேடிக்கையாக்கினார். பிறருக்கு நேர்ந்த துன்பத்தை ஒருநாளும் வேடிக்கையாக்கவில்லை. பிறர் சிரிப்புக்கு ஆளாகக்கூடிய இடத்தில் தாம் போய் நின்றுகொண்டார். நகைச்சுவை என்று பேசப்படும் பல பேச்சுகளை இன்று கேட்கும்போது, ‘இதில் யார்மேல் சுமை ஏறுகிறது?’ என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்களும், சயாம் இரயில் பாதைக்குப் போன தமிழர்களும் நம் நாட்டு வரலாற்றின் பகுதியாவர். பலருடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று காஜாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழ்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். அவர்கள் கேட்ட கதைகள் இருக்கலாம். அவர்கள் சொல்லும் கதையில் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் ஒரே வரியில் கடந்துபோகிறார்கள் என்று கவனித்துக் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

எங்கள் வீட்டில் தீபாவளிப் படையலில் இப்போது தாத்தாவுக்கும் பெரிய தாத்தாவுக்கும் இரண்டு இலைகள் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம். தாத்தாவின் இலையில் மரவள்ளிக்கிழங்கு மட்டும் வைப்பதில்லை. “மறு உலகத்திலும் அதையே போடாதீர்கள்” என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்.